மழை பெய்தால் மதகைத் திறக்கவும்

அந்தப் பலகையை எழுதியபோது தமிழுக்கே தொண்டு செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. நாலே சொற்கள். எஞ்சினியராக இருந்த வெள்ளைக்காரர் தற்காலிகக் குமாஸ்தாவான என்னிடம் சொன்னதோ நீளமான சமாசாரம்: கடல் ஏறியிருக்கும்போது கால்வாய்க் கதவு மூடியே இருக்க வேண்டும், எவ்வளவு மழையானாலும், கடல் இறங்கிய பிறகுதான் திறக்க வேண்டும்.

அகராதியைப் புரட்டினேன். மதகு என்றால் நீரை வெளியே விடும் வழி என்று போட்டிருந்தது. பிறகு கடலுக்கு அங்கே என்ன வேலை என்று மிச்சத்தை வெட்டி எறிந்தேன். கால்வாயில் வேலை செய்த நம் ஆட்கள் மலாய்க்காரர்களைப் போல அந்தக் கதவைப் பிந்து என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்கு நல்ல தமிழ் கற்றுக்கொடுக்கிறோம் என்ற திமிர் வேறு. நான் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் பிறந்தவன். ஏரியையும் பார்த்ததில்லை, மதகையும் பார்த்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு டிசம்பர் மழை கொட்டித் தீர்த்தது. ஃபேரர் பார்க் பக்கம் கடைகளுக்குள் கணுக்கால் தண்ணீர். கதவுக்குப் பொறுப்பான பரமசிவம் அதைத் திறக்கவில்லை. பலகையில் உள்ளபடி நடக்காதவர் என்று மேற்பார்வையாளர் கோவிந்தசாமி எழுதிப் போட்டுவிட்டார். வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். அந்த ஒற்றை அறையில் பரமசிவத்தின் மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள்.

விசாரணை அதிகாரி மிஸ்டர் சியாவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். பலகையை எழுதியவன் யார் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எஞ்சினியர் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். என்னை நிரந்தரமாக்கும் தாள் மிஸ்டர் சியாவின் மேசையில்தான் கையெழுத்துக்குக் கிடந்தது.

ஏன் திறக்கவில்லை என்று பரமசிவத்திடம் கேட்டேன்.

“கடல் ஏறி நின்னுச்சு ஐயா. கதவுக்கு வெளிய நெஞ்சளவு, உள்ள இடுப்பளவு. தொறந்தா மழத்தண்ணி வெளிய போவாது லா, கடல்தான் உள்ள வரும். தொறந்திருந்தா கடைக்குள்ள சம்பான் விட்டிருக்கலாம்.”

சொன்னேன். “அப்படியானால் பலகை ஏன் வேறு மாதிரி சொல்கிறது?” என்று அதிகாரி கேட்டார். அதையும் தமிழில் சொன்னேன்.

“எழுதுன முட்டாப்பய பிந்துவக் கண்ணால பாத்திருக்க மாட்டான்” என்றார் பரமசிவம். “இத அப்படியே சொல்லுங்க.”

தவறு செய்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறார், மன்னிப்புக் கேட்கிறார் என்று நான் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த ஆங்கிலம் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. பரமசிவம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முட்டாளுக்கு ஆங்கிலத்தில் உள்ள மிகச் சரியான சொல்லைத் தேடிப் பிடித்துச் சொன்னேன்.

“எழுதியது யார் என்று விசாரியுங்கள்” என்றார் அதிகாரி.

“விசாரிக்க ஒன்றுமில்லை. நான்தான்” என்றேன். பிறகு அதையே பரமசிவத்துக்கும் தமிழில் சொன்னேன்.

பரமசிவத்தின் வேலை தப்பியது. என் தாள் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. கூடவே, மதகடியில் நின்று பார்த்துப் புதுப் பலகை எழுத வேண்டும் என்று ஓர் உத்தரவு.

மறுநாள் காலையிலேயே போனேன். பரமசிவம் ஒரு முக்காலியைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். கடல் இறங்குகிற வழியாக இல்லை. பசி வயிற்றைக் கிள்ளியது. மத்தியானம் தாண்டித்தான் அவர் எழுந்து சக்கரத்தைச் சுற்றினார். கதவு மேலேற, உள்ளே தேங்கிய தண்ணீர் கடலைப் பார்த்துப் பாய்ந்தது. இவ்வளவையும் நாலு சொல்லில் அடக்கப் பார்த்தவன் நான்.

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எப்படி எழுதட்டும் என்று கேட்டேன்.

“நீங்களே எழுதுங்க ஐயா” என்றார் பரமசிவம். “சரியா இருந்தா நான் கையெழுத்துப் போடுறேன்.”