கிள்ளாமல் விட்ட பிஞ்சு

அந்தத் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. குளிர் நாளில் கிளை வெட்டவும், அறுவடையில் காய் பறிக்கவும் யார் எந்த மரத்தில் வேண்டுமானாலும் ஏறலாம். பிஞ்சு கிள்ளும் நாளில் மட்டும் சொந்த மரத்தைத் தொடக்கூடாது. நாற்பது குடும்பத்துக்குப் பொதுத் தோட்டம், குடும்பத்துக்கு ஓர் ஆப்பிள் மரம். நெருக்கமாகப் பிடித்த பிஞ்சுகளில் பாதிக்கு மேல் கிள்ளிப் போட்டால்தான் மிச்சம் உருப்படியாகப் பருக்கும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? தன் மரம் என்று வந்துவிட்டால் எவருக்கும் மனசு வராது. அதனால்தான் அங்கே மரம் வைத்திருக்கும் ஒரு பிளம்பரின் தொப்பிக்குள் சீட்டுப் போட்டு மரங்களை மாற்றிக்கொள்வார்கள்.

இந்த முறை தையல்காரம்மாவுக்கு அந்தப் பிளம்பரின் மரமே விழுந்தது. தன்னுடையது யாருக்குப் போனது என்று விசாரித்தாள். போனது அவள் நாத்தனாருக்கு. மருந்துக்கடையில் முப்பது வருஷம் மாத்திரை எண்ணிய கை அது. தாட்சண்யம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கும்.

அவள் மரம் இந்த வருஷம்தான் முதல் தடவையாகக் காய்த்திருந்தது. மொத்தம் பதினோரு பிஞ்சு. இளமரத்தின் முதல் காய்ப்பை ஒன்று விடாமல் கிள்ளிவிட வேண்டும், மரம் தேறட்டும் என்பது வழக்கம். ஆனால் அந்தக் கன்றை நட்டது அவள் மகள். நட்ட கையோடு வெளியூருக்கு வேலைக்குப் போனவள், இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. போன மாதம் போனில், "சரிம்மா, பழம் பழுக்கட்டும், வரேன்" என்றாள். நச்சரிப்புத் தாங்காமல் சொன்ன பேச்சுதான். அம்மாக்காரி அதை முடிந்து வைத்துக்கொண்டாள். பழம் இல்லையென்றால் மகளுக்கு வராமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்துவிடும்.

சீட்டு எடுத்த உடனே நாத்தனாரிடம் ஓடினாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு விட்டுடுங்க. பாப்பா வரேன்னிருக்கா."

"உன் மரத்துக்கு நீ பேசக்கூடாது. போய் வேலையைப் பாரு."

ஏணியில் ஏறினாளே தவிர இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கொத்தைக் கிள்ளுவாள், போனை எடுப்பாள். காலையிலிருந்து மகளுக்கு நாலு தடவை கூப்பிட்டாயிற்று. சாப்பிட்டாயா என்று கேட்க ஒன்று, லீவு எப்போது என்று கேட்க ஒன்று, மற்ற இரண்டும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்க. அந்தப் பக்கம் ஒருவரும் எடுக்கவில்லை.

நாத்தனார் அரை மணியில் முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். தையல்காரம்மா தண்ணீர் குடிக்கிற சாக்கில் இறங்கித் தன் மரத்தடிக்குப் போனாள். கிள்ளிய பிஞ்சுகள் தரையில் ஐந்தைந்தாக இரண்டு வரிசை, மாத்திரை அடுக்கியதுபோல. பத்துதான். பரபரவென்று இலைகளை விலக்கினாள். தாழ்ந்த கிளையில், இலை மறைவில், ஒன்று இருந்தது. இந்த மனுஷியையா இத்தனை நாள் கல்நெஞ்சக்காரி என்று திட்டினோம் என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

அதோடு போயிருக்கலாம். போனாளா? கால் மணி கழித்துப் பூச்சி அரித்திருக்குமோ என்று மறுபடியும் வந்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"என் மரத்துல ஏணி மட்டும்தான் வேலை பாக்குது போல" என்றார் பிளம்பர்.

மூன்றாம் தடவை ஒரு காரணமும் இல்லை. மேலே தூசி என்று சட்டை நுனியால் துடைத்தாள். பிஞ்சு கையோடு வந்துவிட்டது.

தைக்கிற புத்தி எங்கே போகும்? காம்பைக் காம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். நிற்கவில்லை.

நாத்தனார் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "கிள்ளிட்டியா?"

"இல்லக்கா. சும்மா தொட்டேன்."

"தொட்டுக்கிட்டே இருந்தே."

தையல்காரம்மா அழுதேவிட்டாள். நாத்தனார் குனிந்து காம்பைப் பார்த்தாள். பிறகு, "என் மரமா இருந்தா நானும் இதைத்தான் பண்ணியிருப்பேன். அதுக்குத்தானே சீட்டு" என்றாள்.

தையல்காரம்மாவின் கை தன்பாட்டுக்குப் போனை எடுத்தது. கட்டைவிரல் மகளின் எண் மேல் போய் நின்றது. ஒரு கையில் போன், ஒரு கையில் பிஞ்சு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, இதை நீங்க வச்சுக்கங்க" என்று போனை நீட்டினாள். "சாயங்காலம் வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

நாத்தனார் அதைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அன்று மத்தியானம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். எல்லோரும் நிழலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டபோது ஒரு தடவை, பிறகு ஒரு தடவை, போனைக் கேட்டுப் பார்த்தாள். நாத்தனார் பையைத் தட்டிக் காட்டியதோடு சரி. வேறு வழியில்லாமல் பிளம்பரின் மரத்தை ஒரு கிளை பாக்கியில்லாமல் கிள்ளிக்கொண்டே போனாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. ஏணி உச்சியிலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மரம் தள்ளி நாத்தனார் எடுத்துப் பேசினாள்.

"அத்தைதான் பேசறேன்... இல்லம்மா, உங்கம்மா நல்லாத்தான் இருக்கா, மரத்து மேல இருக்கா." பிறகு இவளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "காலையில நாலு தடவை கூப்பிட்டவ அப்புறம் ஒரு தடவைகூடக் கூப்பிடலையேன்னு பயந்துட்டாளாம். வரட்டுமான்னு கேக்குறா. என்ன சொல்ல?"

உடனே வரச் சொல்லுங்கள் என்றுதான் வாயில் வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"பழம் இல்லன்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணுமில்ல, அவ இஷ்டம்னு சொல்லுங்க."

நாத்தனார் அதை அப்படியே சொன்னாள். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள்.

"சனிக்கிழமை வராளாம். உன்கிட்ட பேசணுமாம், இந்தா."

தையல்காரம்மா ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே பேசி வச்சுடுங்க அக்கா" என்றாள்.