இடைவேளையில் ஒரு கிளாரினெட்

ஏழே காலுக்கு இடைவேளை விட்டார்கள். திண்டிவனம் தேவாலய மண்டபத்தில் பிரெஞ்சு இசை முடிந்திருந்தது. ஐந்து பேர், ஐந்து ஊதுகருவிகள். அடுத்தது அமெரிக்க இசை. அதைக் கிளாரினெட் தனியாகத் தொடங்க வேண்டும். இருதயமேரி கிளாரினெட்டின் நாணல் ரீடை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

பின்வாசலில் அவள் அண்ணன் அன்புச்செல்வன் நின்றான். கல்யாண பேண்ட் செட்டின் சிவப்புக் கோட்டு. விழுப்புரத்திலிருந்து பைக்கில் வந்திருந்தான்.

“யாரைக் கேட்டு செட்டு கிளாரினெட்ட எடுத்துக்கினு வந்த?”

“ராத்திரிக்கு ஒரு கிளாரினெட்டு போதும்னு நீதானே சொன்ன?”

“அந்த ஒண்ணு மேலதான் வேன் ஏறிடுச்சி. அத ஊதுற கோகுலகிருஷ்ணன் பாக்கெட்ல மவுத்பீஸ் மட்டும் வச்சிக்கினு நிக்கிறான். கொடு.”

“இன்னும் அரைமணி.”

“அரைமணில நான் விக்கிரவாண்டி தாண்டணும்.”

ஐவர் குழுவின் தலைவி வேணி, தன் ஓபோ குழலுடன் வந்தாள். புதுச்சேரிக்காரி.

“சார், உள்ள ஆளுங்க உக்காந்திருக்காங்க.”

“அங்க மாப்பிள்ளை குதிரை மேல உக்காந்திருக்கான் மேடம்.” தங்கையிடம் திரும்பினான். “கேட்டேன், நீங்க வாசிச்சத. அஞ்சு பேரும் ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கினு இருந்தீங்க. அதுக்குக் கைதட்டுறானுங்க.”

“உங்க செட்டுல அதுகூட இல்ல. எல்லாரும் ஒரே பாட்டக் கத்துறீங்க.”

“அந்தக் கத்தலாலதான் உனுக்கு இது கைக்கு வந்துச்சி.”

வேணி உள்ளே போய்விட்டாள்.

அவன் கிளாரினெட்டைப் பிடித்தான். அவள் விடவில்லை. அப்பா காலத்திலிருந்து செட்டில் ஒரு வழக்கம்: வாயில் வைப்பது வாசிப்பவருடையது, மற்றது செட்டுடையது. அன்புச்செல்வன் மவுத்பீஸைத் திருகிக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். அதில் மாட்டியிருந்த ரீடு ஈரமாக இருந்தது.

“உன்னுது உன்கிட்ட. அப்பறம் அண்ணன் புடுங்கிக்கினான்னு பேசக் கூடாது.”

“பேரலும் என்னுது.”

மவுத்பீஸுக்கும் உடலுக்கும் நடுவே வரும் சின்னக் குழல் அது. போன மழையில் பழையது வெடித்தபோது அவள்தான் புதிது வாங்கிப் போட்டாள்.

“விளையாடாத.”

“வாங்கினப்ப என்னுதுன்னு நீயே எல்லார் முன்னாடியும் சொன்ன.”

“அது இல்லாம கோகுலு எதுல மாட்டுவான்?”

“எனுக்கென்ன தெரியும்?”

“அத வச்சிக்கினு நீ என்னத்த ஊதுவ?”

அவள் பேரலைத் திருகினாள். மூட்டிலிருந்த கார்க் இறுகியிருந்தது. அவன் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டான், அவள் கழற்றி முடிக்கும்வரை.

அவன் கையில் விரல் சாவிகள் நிறைந்த நீளக் குழல். அவள் கையில் இரண்டு துண்டுகள். இருவரும் நகரவில்லை.

உள்ளே மணி அடித்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம் அடங்கியது. வேணி திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

“மேரி, லைட்ட அணைச்சிட்டாங்க. வர்றியா, இல்லியா?”