புஷ்பவள்ளி வாங்கிய டி.சி.

புஷ்பவள்ளி தன் மகளுக்கு டி.சி. வாங்கிவிட்டாள் என்று தலைமையாசிரியர் போனில் சொன்னபோது எனக்குப் புரியவே இல்லை. கயல்விழி பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவள். பதினொன்றில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"கைநாட்டு வெச்சாளா சார்?"

"இல்லம்மா, அழகா கையெழுத்துப் போட்டாங்க."

அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வாரம் மூன்று நாள் கடலூரிலிருந்து பஸ் ஏறி குமராட்சிப் பக்கம் வந்து, வயல்வேலை முடித்து வரும் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறேன். 'ஷ்' வராமல் அவள் சிலேட்டைத் தூக்கி எறிந்திருக்கிறாள். அந்தக் கையெழுத்தாலேயே பெண்ணின் படிப்பை நிறுத்திவிட்டாளா? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேனா?

ஆனால் போன மாதம் குறிஞ்சிப்பாடியிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களை விரட்டியதும் அவள்தானே! மனசு மாறிவிட்டதா? புருஷன் மிரட்டினானா? பஸ்ஸில் வரும்போது யோசித்து யோசித்துத் தலைதான் வலித்தது.

களை பறித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து வரப்பில் நின்றே கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அறிவிருக்கா புஷ்பா? என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா, நீட்டின எடத்துல போட்டுட்டியா?"

சேற்றுக் கையோடு வந்தாள். "எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டுதான் போட்டேன் டீச்சரம்மா. ஆத்துல தண்ணி ஜாஸ்தியானா மினிபஸ் நின்னுபோவுது. போன வருசம் பத்து நாளு பாடம் போச்சு. சிதம்பரத்துல ஆஸ்டலோட எடம் கெடச்சிருக்கு. திங்கக்கெழம சேக்குறோம்."

எனக்கு உயிர் வந்தது. உடனே கோபமும் வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

தயங்கினாள். "எல்லாத்தையும் நீங்கதான எழுதித் தரீங்க. இதையும் சொல்லியிருந்தா நீங்களே எழுதியிருப்பீங்க. எம்பொண்ணு படிப்புக்காவது நானே எழுதணும்னு இருந்துச்சு."

திரும்பி வயலில் இறங்கிவிட்டாள். சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா, எனக்குத் தெரியவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து பையைத் திறந்தேன். அன்று சாயங்கால வகுப்பில் கொடுக்க வேண்டிய தையல் பயிற்சி விண்ணப்பங்கள், பதினாலு. பெயர், ஊர், வயது எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. அவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன்.