ஜெஸியின் நாக்குப் பயிற்சி: திருத்திய பிரதி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பொய் சொன்னவர் கிளமெண்ட், திருமங்கலத்தில் மிஷன் பள்ளித் தமிழாசிரியர். இதை எழுதிக்கொண்டிருப்பவரும் அவரேதான். ‘நான்’ என்று எழுதத் தைரியம் வராததால் ‘அவர்’ ஆகிவிட்டார்.

முதல் தொடக்கம்: சொற்களின் சிறகுகள் கட்டப்பட்டிருந்த அந்தச் சின்னஞ்சிறு—

(அடித்தாயிற்று. ஐந்து வயது மகள் ஜெஸிக்கு நாக்கின் அடியில் சவ்வு இழுத்துப் பிடித்திருந்தது. நாக்கை வெளியே நீட்ட முடியவில்லை. இதில் சிறகு எங்கிருந்து வந்தது?)

2

கோரிப்பாளையம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து, சவ்வை வெட்டித் தையல் போட்டார்கள். டாக்டரம்மா கிளமெண்டைப் பார்த்துத்தான் சொன்னார்:

“ஆபரேஷன் பெருசில்ல சார். தெனம் நாலு வாட்டி நாக்க நீட்டி, மேல தூக்கிப் பழக்கணும். விட்டீங்கன்னா மறுபடி ஒட்டிக்கிரும். திரும்ப வெட்டணும்.”

மனைவி ஷெரின் வேலைக்குப் போய்விடுவதால் பயிற்சி அவர் பொறுப்பு. (அதற்காகத்தான் லீவு போட்டார். கதை எழுதவும் என்பதைத் தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை.)

3

ஜெஸி கண்ணாடி முன் நின்று, சிரித்தபடியே நாக்கை உயர்த்தி, மேலுதட்டில் தடவிய தேனை—

சாயங்காலம் வந்த ஷெரின் கதை நோட்டில் இந்த வரியைப் படித்துவிட்டாள்.

“என்னங்க, இதுல இம்புட்டு ஜோராப் பண்றா! நெசத்துல இன்னைக்கி எத்தன வாட்டி பண்ணுனா?”

“வலிக்குதுன்னு அழுதா ஷெரின். போதும்டா தங்கம்னு விட்டுட்டேன்.”

“நேத்து?”

நேற்றும் அழுதாள். [இங்கே ஒரு தத்துவம் வர வேண்டும். கிடைக்கவில்லை.]

“நாளைக்கி டாக்டர்கிட்ட இந்த நோட்டக் காட்டவா?” என்றாள் ஷெரின்.

பிள்ளைப் பாசம் என்று நோட்டு முழுக்கப் பீற்றிக்கொண்டவருக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகையைக் கேட்கப் பயந்தது அவர். மறுபடி கத்திக்குப் போகப்போவது ஜெஸி. வெட்கமாக இருந்தது.

4

முடிவு ஒன்று: நாளை டாக்டரம்மா பார்த்துவிட்டு, “சூப்பர் சார்!” என்கிறார். (ஆசிரியர் எழுதும் முடிவுகள் எப்போதும் ஆசிரியருக்கே சாதகம்.)

முடிவு இரண்டு: ஒட்டிக்கொண்டுவிட்டது. மறுபடி மயக்கம் கொடுத்து—

எழுதக் கை வரவில்லை.

“ஜெஸி, இங்க வா. அப்பாவும் நாக்க நீட்டுறேன், நீயும் நீட்டு.”

“வலிக்கும்ப்பா.”

“ஆமாடா, வலிக்கும். பத்து எண்ணுற வரைக்கும்தான்.”

நாக்கு வெளியே இருப்பதால் அவர் விரல் விட்டுத்தான் எண்ண வேண்டும். பேனாவைக் கீழே வைக்கிறார். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், அவள் அழவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.