மூன்றாம் தொட்டி தெளிந்த விதம்

அப்பா செய்த ஒயினை இனிமேல் தொடமாட்டேன் என்று மகள் சொன்ன அன்று அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு முன்பே அவள் இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டிருந்தாள். அதை அப்பா பொறுத்துக்கொண்டார். வளர்ந்த பெண், அவள் வயிறு, அவள் இஷ்டம் என்று இருந்தார். ஆனால் ஒயின் வேறு. சரிவில் ஒரு திராட்சைத் தோட்டம், அதன் அடியில் தகரக் கூரை போட்ட நீளமான ஆலை, உள்ளே வரிசையாக எஃகுத் தொட்டிகள். அவர் வாழ்க்கை முழுக்க அந்தக் கூரைக்குள்தான் நடந்தது.

"திராட்சைச் சாறுல என்னடி அசைவம்? தோட்டத்துல ஆடா காய்க்குது?" என்று கேட்டார்.

"சிவப்பு ஒயின் தெளியறதுக்கு முட்டை வெள்ளைக்கரு போடறீங்க. வெள்ளைக்கு மீன் பசை போடறீங்க. அது மீனோட காத்துப் பையிலேருந்து எடுக்கறதுப்பா."

"போட்டா? உள்ளேயா இருக்கு? கசடைப் பிடிச்சுக்கிட்டு அடியில போய் உக்காந்துடுது. வடிகட்டிட்டா ஒண்ணும் இல்ல."

"கொலைக்கு ஆள் காட்டிக் குடுத்தவன், கொலை நடந்தப்ப அந்த எடத்துலயே இல்லன்னா குத்தம் இல்லையா?"

தாய்மாமன் வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் இருமினார். அவர்தான் ஆலையில் பாட்டில் அடைக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். "மச்சான், இனிமே வெளியேருந்து யாரும் சோதனைக்கு வர வேணாம். வீட்டுக்குள்ளேயே இன்ஸ்பெக்டர் வந்தாச்சு" என்றார். அன்றிலிருந்து ஆலையில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்றே பெயர்.

அப்பா சிரிக்கவில்லை. தன் கையால் செய்ததைத் தன் பெண்ணே ஒதுக்கிவிட்டாள் என்பது அவருக்குச் செரிக்கவில்லை. அவள் இருக்கும் மேஜையில் உட்காருவதைத் தவிர்த்தார். அவளும் வளைந்து கொடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், இதில் யாரை யார் குறை சொல்வது என்று அம்மா மட்டும் அலுத்துக்கொண்டாள்.

அடுத்த அறுவடையில் அவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு தொட்டியை ஒதுக்கினார். அதில் முட்டையும் போடவில்லை, பசையும் போடவில்லை. களிமண் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கலந்துவிட்டுக் காத்திருந்தார். மண் மெல்ல மெல்லக் கலங்கலை இழுத்துக்கொண்டு இறங்கியது. வசந்தம் பிறந்தபோது ஒரு கோப்பையில் ஊற்றி எடுத்து வந்து மகள் முன்னால் வைத்தார்.

"வெறும் மண்ணு. வேற ஒண்ணும் இல்ல. வேணும்னா குடி, வேணாட்டி கொட்டு."

அவள் குடித்தாள். பிறகு எழுந்து வந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் சமாதானம் வந்தது அப்படித்தான்.

அந்தத் தொட்டியை விற்கும் யோசனை மகளுடையது. பாட்டிலில் ஒட்டும் தாளில் ஒரு பச்சை இலையை அச்சடித்து, விலங்குச் சேர்மானம் இல்லாதது என்று காட்ட 'வீகன்' என்று எழுதி, வாரச் சந்தையில் ஒரு மேஜை போட்டு நின்றாள். முதல் நாள் கேலி செய்தவர்கள்தான் அதிகம். பிறகு தேடிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். விலங்குகளுக்காக எல்லாவற்றையும் விட்டவர்கள் வந்தார்கள். அவர்களை விருந்துக்கு அழைத்துவிட்டு என்ன ஊற்றுவது என்று தெரியாமல் விழித்தவர்களும் வந்தார்கள்.

"வாங்கறவங்கள்ல பாதிப் பேர் வீகனே இல்லப்பா" என்று அவளே ஒருநாள் சொன்னாள். "இலை போட்டிருந்தா சுத்தமா இருக்கும்னு வாங்கறாங்க."

"எதுக்கு வாங்கினா என்ன, பாட்டில் காலியானா சரி" என்றார் தாய்மாமன்.

நகரத்து ஒயின் கடைகளில் அந்த இலைக்கென்றே தனி அலமாரி வந்தது. முன்பு சிரித்த பக்கத்து ஆலைக்காரர்களும் களிமண் மூட்டை இறக்கினார்கள். சில வருடங்களில் இவர்களுடைய தொட்டிகளில் பாதிக்கு மேல் வீகனுக்கு மாறின. அப்போதுதான் பெரிய கடைத்தொடர் ஒன்றின் கொள்முதல் அதிகாரி நேரில் வந்து, ருசி பார்த்து, வெள்ளை ஒயின் ஒரு தொட்டி முழுவதையும் கேட்டாள். விளம்பரத்துக்கு மகளையே படம் பிடித்தார்கள். கையில் கோப்பையோடு தொட்டிக்குப் பக்கத்தில் அவள் நிற்கிற படம் கடைக் கண்ணாடிகளில் ஏறியது. அந்த ஆர்டரை நம்பி அப்பா ஆலையில் புதிதாக மூன்று பேரை வேலைக்குச் சேர்த்தார்.

அந்த வருடம் அறுவடை நேரத்தில் மழை விடாமல் பெய்தது. பழத்தில் அழுகல் விழுந்தது. பொறுக்கிப் பொறுக்கிப் பிழிந்தும், அந்த ஆர்டருக்கென்று வைத்த மூன்றாம் தொட்டி தெளிய மறுத்தது. கோப்பையில் ஊற்றினால் உள்ளே புகை அடைத்த மாதிரி நின்றது. மண் போட்டுப் பார்த்தார். மறுபடியும் போட்டார். இன்னும் போட்டால் வாசனையையே மண் தின்றுவிடும். விட்டுவைத்தால் கோடையில் தானாகத் தெளியும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கடைக்காரர்கள் கோடை வரை காத்திருக்கத் தயாராக இல்லை. கலங்கலாகவே அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, எங்கள் அலமாரியில் அப்படி வைக்க முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

மகள் சில வாரங்களுக்கு நகரத்துக் கடைகளில் ருசி காட்டப் போயிருந்தாள். ஆலையின் பின்னறை அலமாரியில் பழைய மீன் பசைப் பொட்டலம் ஒன்று பிரிக்காமல் கிடந்தது. அவர் அதை எடுத்தார், திரும்ப வைத்தார். மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அதைக் கரைத்து மூன்றாம் தொட்டியில் ஊற்றிவிட்டார்.

சில நாளில் ஒயின் கண்ணாடி மாதிரி ஆனது. வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, இலை ஒட்டினார்கள். தாய்மாமன் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "மச்சான், உங்க கையில ஏதோ இருக்கு" என்றார். அப்பா கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார். அந்த வாரம் முழுக்க அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். என்ன உடம்புக்கு என்று மனைவி கேட்டபோது எரிந்து விழுந்தார்.

லாரி வந்த காலையில்தான் மகள் திரும்பி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. நேராக ஆலைக்குள் வந்து, ஒரு பாட்டிலைத் திறந்து ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா! எப்படிப்பா இது? நான் போறப்ப குட்டை மாதிரி இருந்துச்சே!"

"பொறுமையா இருந்தா தெளியாதா?" என்றார். அந்தச் சொல் வாயை விட்டுப் போனபோதே கசந்தது.

"அங்க ஒரு டீச்சரம்மா எங்கிட்ட வந்து, ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் மனசாரக் குடிக்கறேன்மான்னு சொன்னாங்கப்பா. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க." அவள் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

அவர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஒயின் அவள் சட்டையில் சிந்தியது. அவளை மூன்றாம் தொட்டிக்குப் பின்னால், குழாய்கள் சுருட்டிக் கிடக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"குடிக்காதம்மா. இதுல மீன் பசை போட்டுட்டேன்."

அவள் முகம் வெளுத்தது. கத்துவாள், கோப்பையை விட்டெறிவாள், ஓடிப்போய் லாரியை நிறுத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். உண்மையில் அதற்காகத்தான் சொன்னார். தன்னால் நிறுத்த முடியாததை அவள் நிறுத்திவிடுவாள் என்று அவளுடைய பிடிவாதத்தை நம்பித்தான் சொன்னார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்: "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அம்மாவுக்கு?"

"தெரியாது."

வெளியே தாய்மாமன் கூப்பிட்டார். "இன்ஸ்பெக்டரே! லாரி கிளம்பட்டுமா? டிரைவர் அவசரப்படறாரு!"

அவள் கோப்பையைத் தரையில் வைத்தாள். ஈரச் சட்டையோடு வாசலுக்குப் போய், "கிளம்பட்டும் மாமா" என்றாள். லாரி திரும்பி, வாயிலைத் தாண்டி, சரிவில் இறங்கியது. அப்பா குழாய்களுக்கு நடுவில் நின்ற இடத்திலேயே நின்றார். தான் சரியாகத்தான் கேட்டோமா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அவரால் தாங்க முடியவில்லை. மனைவி இருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"ஏம்மா விட்ட?"

மகள் நிமிரவில்லை. "வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ஆர்டர் போனா அந்த மூணு பேரையும் அனுப்பணும். என் மூஞ்சி கடை கடையாத் தொங்குது. நாலு பேர் முன்னாடி உங்களைப் பொய்யன்னு நிக்க வைக்க என்னால முடியலப்பா."

"நீயா இப்படிப் பேசற?"

"கசடைப் பிடிச்சுக்கிட்டு அடியில போய் உக்காந்துடுது" என்றாள். "வடிகட்டிட்டா ஒண்ணும் இல்ல."

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்கிற மாதிரி சொன்னாள். அது அவரைப் பயமுறுத்தியது. சின்ன வயதிலிருந்து அவளோடு எத்தனையோ விஷயங்களில் மல்லுக்கு நின்றிருக்கிறார். ஒருமுறைகூட அவள் நம்பாத ஒன்றைச் சொல்லி அவர் கேட்டதில்லை.

என்ன நடந்திருக்கிறது என்று மனைவிக்கு இப்போது புரிந்தது. அவள் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "போன லாரி போச்சு. அவளே முழுங்கிட்டா. நீங்க எதுக்குக் கிளறறீங்க?"

"அவ முழுங்கினதுதான் எனக்குத் தொண்டையில நிக்குது" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

திண்டாடித் திண்டாடி போனில் டிரைவரைப் பிடித்து, எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்பு என்றார். பிறகு கொள்முதல் அதிகாரியைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னார். நான்தான் போட்டேன், என் பெண் ஊரில் இல்லை, அவளுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்றார். 

"நீங்களே சொன்னதுக்கு நன்றி சார்" என்றாள் அந்தப் பெண். "ஆனா இனிமே உங்க எந்த பாட்டில்ல இலை இருந்தாலும் எங்களால நம்ப முடியாது. புரிஞ்சுக்கோங்க." அதோடு முடிந்தது.

அவர் திரும்பியபோது மகள் கதவருகே நின்றிருந்தாள்.

"தப்பு பண்ணினது நீங்க. உங்களுக்காக நான் அதை சுமந்தேன். என் கொள்கையைக் கழட்டி வெச்சுட்டு சுமந்தேன். இப்ப நீங்க யோக்கியனாயிட்டீங்க. நான் யாரு?"

அவர் ஒரு கை நீட்டினார். அவள் போய்விட்டாள்.

லாரி இருட்டுவதற்குள் திரும்பியது. அடுத்த நாட்களில் முற்றத்தில் பெரிய தொட்டிகளில் வெந்நீர் நிரப்பி, பாட்டில்களை ஊறவைத்து, எல்லோருமாக உட்கார்ந்து இலையைச் சுரண்டினார்கள். சாதாரண ஒயினாக, கிடைத்த விலைக்குத்தான் விற்க வேண்டும். "ஒட்டறப்ப இருந்த வேகம் உரிக்கறப்ப வர மாட்டேங்குதே" என்றார் தாய்மாமன். யாரும் சிரிக்காததால் அவரும் தலையைக் குனிந்துகொண்டார். புதிதாகச் சேர்ந்த மூன்று பேரில் இருவரை நிறுத்த வேண்டி வந்தது. அப்பாவே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். ஒருத்தி கதவைத் திறந்துவைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லாமல் சாத்தினாள்.

மகள் வாரச் சந்தைக்கு மட்டும் போவதை நிறுத்தவில்லை. பழைய வாடிக்கையாளர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பெட்டிகளைத் தூக்கிவிட நாலு கை வேண்டுமே என்று அப்பாவும் கூட நின்றார். சிலர் இதற்குப் போய் இவ்வளவா என்றார்கள். சிலர் வேறு மேஜைக்குப் போனார்கள். ஒரு நாள் நகரத்திலிருந்து அந்த டீச்சரம்மாவே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மேஜையிலிருந்து எடுத்த முந்தைய வருடத்து பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இதுவரைக்கும் நான் குடிச்சது?"

மகள் வாய் திறந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அதெல்லாம் மண்ணுதாம்மா. சத்தியமா" என்றார் அவர்.

டீச்சரம்மா அவரையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள். கோபம் எதுவும் காட்டாமல், பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனாள்.

மேஜையை மடக்கி வண்டியில் ஏற்றும்போது மகள் கேட்டாள். "மண்ணுதானேப்பா?"

"மண்ணுதான்."

"நீங்க முதல்ல எனக்குக் குடுத்தது?"

அவர் கயிறு கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அதுவும்தான்."

"அன்னிக்கு லாரியை விட்டவ நான். உங்களைக் கேக்கறதுக்கு எனக்கு வாய் கிடையாது. ஆனா கேக்காம இருக்கவும் முடியல."

"கேளு" என்றார் அப்பா. "எத்தனை தடவை வேணாலும் கேளு."

அடுத்த அறுவடையில் ஒரே ஒரு தொட்டியில்தான் வீகன் ஒயின் வைத்தார்கள். கோடை வரை விட்டுவைத்தார்கள். வாங்கக் கொஞ்சப் பேரே வந்தார்கள். மகள் ஆலைக்குள் நுழையும்போதெல்லாம் அந்தத் தொட்டியருகே நின்று, உள்ளே என்ன போட்டீர்கள் என்று கேட்பாள். அவர் பதில் சொல்வார். சில நாள் பொறுமையாகச் சொல்வார். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். அவள் கேட்பதை நிறுத்தவில்லை.