கம்பெனி பஸ்ஸில் ஓடிய படம்

நளினிக்குக் கம்பெனி பஸ்ஸில் ‘படம் அக்கா’ என்று பேர். திருப்பதியில் கிளம்புகிற பஸ் வடமாலபேட்டையில் அவளை ஏற்றிக்கொண்டு புத்தூர், நாராயணவனம், பிச்சாட்டூர், சத்தியவேடு என்று ஊர் ஊராக நின்று ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை போய்ச் சேர இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை நாற்பது பேருக்கும் ஓட்டிக் கொடுப்பது அவள்தான். வெள்ளிக்கிழமை ரிலீசான படம் சனிக்கிழமை காலைக்குள் பஸ்காரர்களின் டெலிகிராம் குரூப்பில் வந்து விழுந்துவிடும். எந்தச் சேனலில் எது வரும், எதில் சத்தம் சுத்தமாக இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இதற்காக அவள் யாரிடமும் காலணா வாங்கியதில்லை. தப்பு என்றும் தோன்றியதில்லை. யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

“தமிழ்ப் படம் நம்மூருக்கு வந்தா தெலுங்குலதான் வருது. தமிழ்ல பாக்கணும்னா திருத்தணிக்கு ஓடணும். போன்ல பாக்கற ஆப்புன்னா ஒண்ணா ரெண்டா? இந்தப் படம் இதுல, அந்தப் படம் அதுல. எல்லாத்துக்கும் மாசாமாசம் கட்டிகினு இருந்தா சோறு துன்ன வேணாமா? நம்மூர்ல தமிழ்ல போடட்டும், மொத டிக்கெட்டு நான் வாங்கறேன்.”

மாசி மாதத்தில் ஒரு சின்னப் படம் வந்தது. ‘ஆரணியாத்துப் பாலம்’ என்று பேர். பிச்சாட்டூர் பக்கத்துப் பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து எடுத்தது. பெரிய நடிகர் யாரும் கிடையாது. நளினி அதையும் எங்கிருந்தோ பிடித்துக் குரூப்பில் போட்டாள். பஸ்ஸே அந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. காரணம், அதில் எல்லாரும் தங்களைப் போலவே பேசினார்கள். சினிமாவில் ‘துன்னுட்டியா’ என்று கேட்டாலே அது சிரிப்புக்குத்தான் என்று பழகியிருந்தவர்கள், முதல் தடவையாக ஒரு கதாநாயகி அதே பேச்சில் அழுவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேக்கிங்கில் வேலை செய்கிற வசந்தா அதை மூன்று முறை பார்த்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஹரிப்ரியா என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தாள். நாராயணவனத்தில் ஏறுவாள். நளினிக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்ததால் அங்கே உட்கார்வாள். கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்வதோடு சரி.

ஒருநாள் அவள் படியில் கால் வைத்ததும் டிரைவர் வண்டியை நகர்த்திவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள்:

“அண்ணே! ஆளு ஏறச்சொல்லவே எடுக்கிறியே, இன்னா அவசரம்?”

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கடைசி சீட்டிலிருந்து சுரேஷ்பாபு எழுந்தே நின்றுவிட்டான்.

“ஏய்! இது அந்தப் பாலம் படத்துப் பொண்ணு கொரலு!”

“நான்தான் அதுல டப்பிங் குடுத்தேன்” என்றாள் ஹரிப்ரியா. முகம் சிவந்துபோயிருந்தது. “நடிச்ச பொண்ணு மெட்ராசு. நம்ம பேச்சு அதுக்கு வரல.”

ஆளாளுக்குக் கைதட்டினார்கள். வசந்தா ஓடிவந்து கன்னத்தைக் கிள்ளினாள். இத்தனை நாள் இல்லாத சிரிப்போடு ஹரிப்ரியா கேட்டாள்:

“எல்லாரும் பாத்தீங்களா? எந்தத் தியேட்டர்ல?”

கைதட்டல் நின்றுவிட்டது.

“போன்லதான்மா” என்றார் யாரோ.

“ஆப்புல வரவே இல்லியே.”

நளினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரும் அவள் பேரைச் சொல்லவில்லை. அதற்காக அவள் மனசுக்குள் நன்றி சொன்னாள். அப்படிச் சொன்னதை நினைத்து அப்புறம் கூசிப்போனாள்.

ஹரிப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

“புத்தூர்ல மூணு நாளு போட்டோம்க்கா. தமிழ்லியே. தியேட்டர்காரரு கால்ல விழாத கொறையா கேட்டு வாங்கனோம். பஸ் ஸ்டாண்டு செவுத்துல போஸ்டர் நானே ஒட்டினேன். மூணாம் நாளு உள்ள எட்டு பேரு, அதுல அஞ்சு பேரு எங்க ஆளுங்க. வெளிய வந்தா, டீக்கடையில ஒருத்தரு அதே படத்தப் போன்ல பாத்துகினு இருக்காரு. நான் அவரு பின்னால நின்னு என் கொரலையே கேட்டுகினு இருந்தேன்.”

அந்தப் போஸ்டரை நளினி பார்த்திருந்தாள். பஸ் நின்ற ஐந்து நிமிஷமும் அது அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. ‘தமிழ்லியே போட்டுகிறான்’ என்று நினைத்ததுகூட ஞாபகம் இருந்தது. அடுத்த நினைப்பு, ‘இதான் நம்ம போன்ல கீதே’ என்பது. அதோடு தலையைத் திருப்பிக்கொண்டாள். திருத்தணி, தெலுங்கு, மொத டிக்கெட்டு என்று இத்தனை வருஷம் ஊருக்குச் சொன்னதெல்லாம் என்ன ஆயிற்று?

அன்றைக்கு வேலையில் கை ஓடவில்லை. மத்தியானம் கேன்டீனில் தட்டோடு போய் ஹரிப்ரியாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அந்தப் படத்தக் குரூப்புல போட்டது நான்தான்மா.”

“தெரியும்க்கா. காலையில வசந்தாக்கா சந்தோஷத்துல என்னியும் குரூப்புல சேத்துட்டாங்க. மேல தள்ளிப் பாத்தேன், உங்க பேரு இருந்துது.”

தானாக வந்து ஒத்துக்கொண்டோம் என்ற அந்தச் சின்ன ஆறுதலும் போயிற்று.

“அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?”

“இன்னான்னு கேக்கறது? அதுக்குக் கீழ அத்தினி பேரு எழுதிகிறாங்க. அழுதேன், மறுபடி பாத்தேன்னு. எங்க டைரக்டருக்கு யாரும் இப்படி ஒரு வார்த்த சொன்னதில்ல. அவருக்குக் காட்டலாமான்னு பாத்தேன். சிரிப்பாரா அழுவாரான்னு தெரியல. ஒரு ஆப்புக்காரங்க படத்த வாங்கறதா பேசிகினு இருந்தாங்க. வெளிய பரவிப்போன படம் எங்களுக்கு எதுக்குன்னுட்டாங்க. இப்ப அவரு துணிக்கடைக்கு விளம்பரம் எடுக்கறாரு. நான் இங்க வந்துட்டேன்.”

அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது நளினிக்கு.

“புத்தூர்ல அந்தப் போஸ்டர நான் பாத்தேன்” என்றாள் நளினி. “பாத்துட்டுத்தான் போனேன்.”

ஹரிப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“துன்னுக்கா, ஆறிப்போவுது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே நளினி குரூப்பில் போட்ட படங்களையெல்லாம் அழித்தாள். இனிமேல் தன்னிடம் கேட்கவேண்டாம் என்று இரண்டு வரி எழுதினாள். என்னாச்சு அக்கா, உடம்பு சரியில்லையா என்று சிலர் கேட்டார்கள். விடிவதற்குள் சுரேஷ்பாபு புதுக் குரூப் ஆரம்பித்துவிட்டான். அழித்த படங்களில் பாதி அதில் இருந்தன. பாலம் படமும் இருந்தது. நளினியையும் அதில் சேர்த்திருந்தான். அவள் வெளியேறினாள்.

ஹரிப்ரியா இப்போதும் நாராயணவனத்தில்தான் ஏறுகிறாள். நளினியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். தினமும் அந்த ஸ்டாப் வரும்போது நளினி பக்கத்துச் சீட்டில் இருக்கிற தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.