ரங்கூன்காரனின் முதுகு

ஆடி மாதச் சாரலில் குற்றாலத்துப் பேரருவிக்கரை முழுக்க எண்ணெய் மணத்தது. இடுப்புத் துண்டோடு ஆண்கள் பாறையில் உட்கார்ந்து, ஒருவர் முதுகில் ஒருவர் பளார் பளாரென்று அறைந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லச்சாமி மட்டும் பட்டுச் சட்டையில் கழுத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு பெரிய சீமான் கணக்காக ஒதுங்கி நின்றான்.

தென்காசித் தச்சன் அவன். நான்கு வருஷம் ரங்கூனில் தேக்குப் பட்டறையில் இருந்துவிட்டு ஊருக்கு வந்திருந்தான். டிராம் வண்டி, மின்சார விளக்கு என்று அவன் அளந்த அளப்பில் ஊரே வாயைப் பிளந்தது. நெஞ்சில் சளி என்று சாக்குச் சொல்லி, பத்து நாளாகப் பெண்டாட்டி தங்கபுஷ்பத்தின் முன்னால்கூட அவன் சட்டையைக் கழற்றவில்லை. அவள் தம்பி உச்சிமாகாளி இருபது வயதிலேயே இழைப்புளி பிடித்து மரம் இழைப்பதில் கெட்டிக்காரன். வருகிற செவ்வாய்க்கிழமை அத்தானோடு கப்பலேறப் போகிறோம் என்று அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ரங்கூன் போனா எண்ணெய்க் குளி மறந்துபோயிருமா அத்தான்? வாங்க, நா தேச்சு விடுதேன்" என்று உச்சிமாகாளி அவன் சட்டையைப் பிடித்தான்.

"ஏலே, விடுலே!"

விளையாட்டாகத்தான் இழுத்தான். பட்டு டர்ரென்று கிழிந்தது. தோளிலிருந்து இடுப்புவரை பிரம்படித் தழும்புகள் தடித்துக் கிடந்தன. விலாவில் உளி இறங்கிய இடம் குழியாக ஆறியிருந்தது.

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அவன் முதுகையே பார்த்தது. செல்லச்சாமிக்கு அந்தப் பார்வை பொறுக்கவில்லை. மைத்துனனின் தலைமயிரைப் பிடித்து முகத்தில் குத்தினான். விழுந்தவனை வயிற்றில் மிதித்தான். கிடந்த மூங்கில் கம்பை எடுத்து விளாசு விளாசென்று விளாசினான்.

"நாயே, வேல செய்ய வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா? குனிலே!"

அருவிக்கரையில் என்ன வேலை இருக்கிறது? அது ரங்கூன் மேஸ்திரியின் வசவு. நான்கு வருஷம் கேட்டது, அவன் வாயிலும் வந்துவிட்டது. உச்சிமாகாளியின் பல் ஒன்று தெறித்தது; எண்ணெய்ப் பாறையில் ரத்தம் ஓடியது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஈரச் சேலையோடு ஓடிவந்த தங்கபுஷ்பம் கம்பைப் பறித்தாள். பிறகுதான் புருஷன் முதுகைப் பார்த்தாள்.

"ஐயோ! ஆரு ஒங்கள இப்பிடி அடிச்சா?"

செல்லச்சாமி அப்படியே உட்கார்ந்துவிட்டான். "மேஸ்திரி. கடையத்துக்காரன். நம்ம ஊரு மனுசன்னு நம்பித்தான் போனேன். ஒரு அறையில பதினாறு பேரு, மொறவச்சுதான் படுக்கணும். பலகையில மயிரளவு பிசகுனா பிரம்பு. எதுத்துக் கேட்டேன், உளியால குத்துனான். ரெண்டு நல்ல தச்சனக் கூட்டிட்டு வா, பிரம்ப ஒங்கையில தாரேன்னு சொன்னான். சரின்னுட்டேன்."

"அப்பம் எந்தம்பிய அடிக்கதுக்கா கூட்டிட்டுப் போறிய?"

உச்சிமாகாளி வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "மொதல்லயே ஏன் அத்தான் சொல்லல?"

"ரங்கூன்காரன் அடி வாங்குனான்னு தெரிஞ்சா ஊரு சிரிக்குமேலே."

"அதுக்காவ நா சாவணுமாக்கும்?"

செல்லச்சாமி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மைத்துனனைத் தூக்கி உட்காரவைத்து, ரத்தம் நிற்கத் தன் துண்டால் அவன் வாயைப் பொத்திப் பிடித்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். பிள்ளைகளை அவனோடு அனுப்பக் காத்திருந்த தென்காசிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் அதில் நின்றார்கள்.

"தொழில் தெரிஞ்சவன் கடல் தாண்டிப் பொழைக்கட்டும்யா, அதுல குத்தமில்ல. ஆனா போயிட்டு வந்தவன் பவுச மட்டும் பேசுனா நம்பாதிய. அங்கன பட்ட பாட்டச் சொல்லுன்னு மடியப் பிடிச்சுக் கேளுங்க. கேட்டும் மறச்சான்னா, அவன் ஒங்க பிள்ளைய விக்க வந்தவன். நா அதுக்குத்தாம்யா வந்தேன்."